பிராகில் மூன்று நாள்: யாருடைய வேகத்தில் நடப்பது?

கேள்வி: நாங்கள் நான்கு பேரும் கோவையில் ஒரே கல்லூரி, ஒரே விடுதி அறை. படிப்பு முடிந்து ஐந்து வருடமாகிறது. நான் ஃபிராங்க்ஃபர்ட்டில் வேலை பார்க்கிறேன். ஒருத்தி மியூனிக்கில் முதுகலை படிக்கிறாள். ஒருத்திக்கு ஐன்ட்ஹோவனில் வேலை, இன்னொருத்திக்கு டப்ளினில். அக்டோபர் மூன்றாம் வாரம் வெள்ளி மாலை தொடங்கி திங்கள் மதியம் வரை பிராக் நகரத்தில் சந்திக்கிறோம். ஐன்ட்ஹோவன் தோழி 26 இடங்களை மணிக்கணக்காகப் பிரித்து ஒரு எக்செல் அனுப்பியிருக்கிறாள். அதில் ஒருநாள் வியன்னாவும் இருக்கிறது. டப்ளின் தோழி காலை பத்து மணிக்கு முன் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறாள். மியூனிக் தோழி எதைக் கேட்டாலும் “நீங்க முடிவு பண்ணுங்கடி, பார்க்கலாம்” என்கிறாள். நான் சைவம், மது தொடுவதில்லை. இத்தனை வருடம் கழித்துச் சந்திக்கும்போது மனக்கசப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எப்படித் திட்டமிடலாம்? அப்புறம் இன்னொன்று: நால்வரும் புடவை கட்டி சார்லஸ் பாலத்தில் ஒரு படம் எடுக்க ஆசை. நடக்குமா?

– ஃபிராங்க்ஃபர்ட் வாசகி

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

எக்செல்லைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். உங்கள் கடிதத்தில் எழுதாமல் விட்ட ஒரு விஷயத்திலிருந்துதான் நான் தொடங்க வேண்டும்: டப்ளின் தோழியின் விசா. அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும், ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஷெங்கன் நாடுகளில் ஒன்றில்லை. அங்கே வேலையும் குடியிருப்பு அட்டையும் இருந்தாலும், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு பிராக் போகத் தனியாக ஷெங்கன் விசா வேண்டும். பலரும் விமான டிக்கெட் எடுத்த பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். உங்கள் பயணம் செக் நாட்டுக்கு மட்டும் என்பதால் டப்ளினில் உள்ள செக் தூதரகம் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு பதினைந்து நாள் முன்பு. முடிவு சொல்லப் பதினைந்து நாள் என்பது விதி என்றாலும், சில வேளை 45 நாள் வரை இழுக்கலாம். இப்போது ஆகஸ்ட். நேரம் இருக்கிறது, ஆனால் நேர்காணல் தேதி கிடைப்பதுதான் பெரும்பாடு. அந்தத் தேதி கையில் வரும் வரை நால்வரும் திரும்பப் பெற முடியாத டிக்கெட் எதையும் வாங்காதீர்கள். டப்ளின் திரும்பும்போது அவருடைய ஐரிஷ் குடியிருப்பு அட்டை காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

மற்ற மூவருக்கும் விசா தேவையில்லை. ஜெர்மனி, நெதர்லாந்து குடியிருப்பு அட்டை இருந்தால் போதும். ஆனால் பாஸ்போர்ட்டும் அட்டையும் அசலாகக் கையில் இருக்க வேண்டும், போனில் இருக்கிற படம் செல்லாது. செக் எல்லையில் ஜெர்மன் போலீசார் 2023 இலையுதிர் காலத்திலிருந்து சோதனை போடுகிறார்கள். திரும்பி வரும்போது ரயிலிலோ பஸ்ஸிலோ ஏறிக் கேட்பார்கள். யாராவது அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டுத் தற்காலிகத் தாளோடு இருந்தால், அந்தத் தாளோடு நாட்டைவிட்டு வெளியே போய் வரலாமா என்று வெளிநாட்டினர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளட்டும். அந்தத் தாள்களில் எல்லாமே ஒரே ரகம் இல்லை.

சரி, இப்போது மியூனிக் தோழி.

பன்னிரண்டு வருடமாக நண்பர் குழுக்களுக்குப் பயணம் திட்டமிட்டுக் கொடுக்கிறேன். ஒவ்வொரு குழுவிலும் ஒரு “பார்க்கலாம்” இருப்பார். பெரும்பாலும் அதற்கு அர்த்தம், அவருக்கு விருப்பம் இல்லை என்பதல்ல. கையில் பணம் இல்லை என்பது. ஜெர்மனியில் படிக்கும் நம் பிள்ளைகளின் நிலைமை உங்களுக்கே தெரியும். படிக்க வரும் முன்பே பணத்தைப் போட்டு வைத்து மாதாமாதம் எடுக்கிற முடக்கக் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோ வரும். மியூனிக் வாடகை அதில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். மீதியில் காப்பீடு, சாப்பாடு, போக்குவரத்து. மாத நடுவில் மூன்று நாள் சுற்றுலா என்றால் அந்தப் பெண் எந்தச் செலவை வெட்டுவது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். மூன்று சம்பளக்காரத் தோழிகள் இருக்கிற குழுவில் அதை எப்படிச் சொல்வாள்?

குழுவில் எழுதாதீர்கள். இன்று மாலை அவளைத் தனியாகக் கூப்பிடுங்கள். “உனக்குக் கஷ்டமா?” என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். “தங்குறது, போறது வர்றது, சாப்பாடு எல்லாம் சேர்த்து உனக்கு எவ்வளவுக்குள்ள முடிஞ்சா நிம்மதியா இருக்கும்?” என்று கேளுங்கள். ஒரு தொகை சொல்வாள். அந்தத் தொகைக்குள்தான் நால்வருக்குமான திட்டம் அமைய வேண்டும். “உன் பங்கை நாங்க போட்டுக்கறோம்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அன்பாகத்தான் சொல்வீர்கள். ஆனால் மூன்று நாளும் அவள் விருந்தாளியாக நடந்துகொள்வாள், எதையும் வேண்டும் என்று கேட்கமாட்டாள்.

சில வருடங்களுக்கு முன் ஐந்து பையன்களுக்கு ஒரு பயணம் போட்டுக் கொடுத்தேன். அதில் ஒருவன் அப்போதுதான் வேலை போய் வீட்டில் இருந்தான், மற்ற நால்வருக்கும் அது தெரியாது. இரண்டாம் நாள் இரவு ஒரு நல்ல உணவகம். அவன் ஒரு சூப் மட்டும் வாங்கிக்கொண்டான். பில் வந்ததும் யாரோ ஒருவன் வழக்கம்போல ஐந்தால் வகுத்தான். சூப் குடித்தவன் எல்லோருடைய கறிக்கும் வைனுக்கும் சேர்த்துக் கொடுத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை உடம்பு சரியில்லை என்று அறையிலேயே படுத்துவிட்டான், ஊர் திரும்பியதும் குழுவிலிருந்து விலகினான். நான் அன்றே பணத்தைப் பற்றி முதலில் பேசச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது இன்னும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஆகவே பொதுவில் போடுவது மூன்றே மூன்று செலவாக இருக்கட்டும்: தங்கும் இடம், நகருக்குள் டிக்கெட், காலைச் சிற்றுண்டிக்கான மளிகை. வெளியே சாப்பிடுவதெல்லாம் அவரவர் கணக்கு. இதற்கு பிராக் மிக வசதியான ஊர். பில் கொண்டுவரும்போது அங்கே பணியாளர்களே சேர்த்தா, தனித்தனியா என்று கேட்பார்கள். “ஸ்வ்லாஷ்த்” என்று சொன்னால் ஒவ்வொருவருக்கும் தனியாகக் கூட்டிக் கொடுப்பார்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், அங்கே அது சாதாரணம்.

வியன்னா வேண்டாம். பிராகிலிருந்து ரயிலில் போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம். உங்களிடம் முழுசாக இருப்பதே சனி, ஞாயிறு இரண்டு நாள். அதில் ஒன்றை ரயில் ஜன்னலுக்குக் கொடுக்கலாமா? ஐன்ட்ஹோவன் தோழியின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. 26 இடத்தையும் தேடிப் பிடித்தவர் ஆசையோடுதான் செய்திருப்பார். அவர் ஆசை வீணாகாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். காலையில் நால்வரும் சேர்ந்து ஒரே ஒரு இடம். மதியம் இரண்டு மணியிலிருந்து ஆறரை வரை அவரவர் வழி. இரவு மறுபடி சேர்ந்து. அந்த நாலரை மணி நேரத்தில் எக்செல் தோழி எத்தனை கோபுரம் வேண்டுமானாலும் ஏறட்டும், டப்ளின் தோழி தூங்கட்டும், நீங்கள் ஏதாவது காபிக் கடையில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் பேசுங்கள். பிரிந்திருந்த நேரத்தில் பார்த்ததைச் சொல்லத்தான் ராத்திரி இருக்கிறதே. நான் அனுப்பிய குழுக்களில் மத்தியானம் பிரிந்து போனவர்கள் சண்டையோடு திரும்பியதாக எனக்கு நினைவில்லை.

சேரும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். வென்செஸ்லாஸ் சதுக்கத்தின் மேல் முனையில், தேசிய அருங்காட்சியகத்துக்கு முன்னால், புனித வென்செஸ்லாஸ் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் பெரிய சிலை இருக்கிறது. பிராக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக “குதிரைகிட்ட” என்று சொல்லித்தான் சந்தித்துக்கொள்கிறார்கள். போனில் சார்ஜ் போனாலும் தொலைந்துபோக முடியாத இடம்.

தங்குவதற்குப் பழைய நகரத்துக்குள் தேடாதீர்கள். விலையும் அதிகம், ராத்திரி முழுக்கக் கூச்சலும் இருக்கும். குடிக்கூட்டங்களின் தொல்லை தாங்காமல்தான் 2024இல் நகர நிர்வாகம், வழிகாட்டி வைத்துக் கூட்டமாகப் பப் பப்பாக அழைத்துப் போவதை இரவு பத்து மணிக்கு மேல் தடை செய்தது. வினோஹ்ரடி பகுதியில் நாமியெஸ்தி மீரு என்ற மெட்ரோ நிலையத்துக்குப் பக்கமாகச் சமையலறையோடு ஒரு வீடு பாருங்கள். நான் அந்த இடத்தையே சொல்வதற்குக் காரணம் உண்டு. விமான நிலையத்திலிருந்து 59ஆம் எண் டிராலிபஸ் நாட்ராஜி வெலெஸ்லாவீன் வரை வரும். அங்கிருந்து பச்சை நிற மெட்ரோவில் ஏறினால் மாறாமல் நேராக வீட்டு வாசல். மியூனிக்கிலிருந்து ரயிலில் வருபவர் பிராகின் பிரதான ரயில் நிலையத்தில் இறங்கி, மெட்ரோவில் ஒரு ஸ்டேஷன் போய் மாறி, இன்னொரு ஸ்டேஷன் போனால் வந்துவிடுவார். கோட்டைக்குப் போகும் 22ஆம் எண் ட்ராமும் அதே சதுக்கத்தில் நிற்கிறது. அந்த மெட்ரோ நிலையத்தின் எஸ்கலேட்டர் 87 மீட்டர் நீளம்; முதல் தடவை கீழே பார்த்தால் தலை சுற்றும், பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் இரவு பத்துக்கு மேல் சத்தம் கூடாது என்பது அங்கே சட்டம். ஐந்து வருடக் கதை பேசும்போது சிரிப்பு அடங்காதுதான், ஜன்னலையாவது சாத்திவிடுங்கள்.

ட்ராம், மெட்ரோ, பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். ட்ராமுக்குள்ளேயே கார்டைத் தட்டி வாங்கலாம். தாள் டிக்கெட் வாங்கினால் மஞ்சள் பெட்டியில் செருகி முத்திரை குத்த மறக்காதீர்கள். குத்தாத டிக்கெட் இல்லாத டிக்கெட்டுக்குச் சமம், மஃப்டியில் வரும் பரிசோதகர் சுற்றுலாப் பயணி என்று இரங்க மாட்டார்.

இனி நாட்கள். சனிக்கிழமை கோட்டை, ஞாயிற்றுக்கிழமை யூதர் பகுதி. இதை மட்டும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். எக்செல்லில் இது தலைகீழாக இருந்தால் இரண்டுமே கெட்டுவிடும். யூத அருங்காட்சியகத்தின் தொழுகைக்கூடங்களும் கல்லறைத் தோட்டமும் சனிக்கிழமை மூடியிருக்கும், அது அவர்களுடைய ஓய்வு நாள். கோட்டைக்குள் இருக்கும் புனித விட்டுஸ் பேராலயத்தில் ஞாயிறு காலை பூசை நடப்பதால் பார்வையாளர்களை நண்பகலுக்குப் பிறகே விடுவார்கள்.

சனிக்கிழமை ஒருநாள் மட்டும் டப்ளின் தோழி சீக்கிரம் எழுந்தாக வேண்டும். ஆனால் பயப்பட வேண்டாம், அக்டோபர் நடுவில் பிராகில் சூரியன் உதிக்கவே ஏழரை மணி ஆகிவிடும். ஆறரைக்கு 22ஆம் எண் ட்ராம் பிடித்து மலோஸ்ட்ரான்ஸ்கே சதுக்கத்தில் இறங்கினால் சார்லஸ் பாலம் நடக்கும் தூரம். பகலில் அந்தப் பாலத்தில் தோள் உரசாமல் நடக்க முடியாது. விடியற்காலையில் கல்லும் சிலைகளும் வல்டாவா ஆறும்தான் இருக்கும். நான்காம் சார்லஸ் மன்னர் 1357இல் அடிக்கல் நாட்டிய பாலம். ஜோசியர்கள் குறித்துக் கொடுத்த முகூர்த்தம் என்று ஒரு கதை சொல்வார்கள்: 1357ஆம் ஆண்டு, 9ஆம் தேதி, 7ஆம் மாதம், அதிகாலை 5 மணி 31 நிமிடம். எண்களை வரிசையாக எழுதினால் 1 3 5 7 9 7 5 3 1 என்று ஏறி இறங்கும். நல்ல நேரம் பார்க்காத ஊர் எது! முப்பது சிலைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை நகல், அசல்களை வெயில் மழையிலிருந்து காப்பாற்றி உள்ளே வைத்திருக்கிறார்கள். நெபோமுக் ஜான் என்ற புனிதரின் சிலைக்கு அடியில் வெண்கலத் தகடு தேய்ந்து பளபளக்கும். அதைத் தொட்டால் மறுபடி பிராக் வருவோம் என்பது நம்பிக்கை. 1393இல் அவரை இந்த ஆற்றில்தான் தூக்கி எறிந்தார்கள்.

பாலத்திலிருந்து திரும்பி அதே சதுக்கத்தில் 22ஐப் பிடித்துக் கோட்டைக்கு மேலே ஏறிவிடுங்கள். ஏறுவதற்கு ட்ராம், இறங்குவதற்குக் கால். இந்த ஊரில் முழங்காலைக் காப்பாற்றும் ரகசியம் இதுதான். கோட்டை வளாகத்துக்குள் நுழைய டிக்கெட் இல்லை, கட்டடங்களுக்கு மட்டும்தான். உள்கட்டடங்கள் ஒன்பது மணிக்குத் திறக்கும், முதல் வரிசையில் நில்லுங்கள். பேராலயத்தை 1344இல் தொடங்கி 1929இல்தான் முடித்தார்கள். உள்ளே இடதுபக்கம் செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் முகா வரைந்த வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது, காலை வெளிச்சத்தில் பாருங்கள். பழைய அரண்மனையில், 1618இல் மன்னரின் பிரதிநிதிகளை வெளியே தூக்கி வீசிய அறை இருக்கிறது. விழுந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள், ஆனால் அதிலிருந்து கிளம்பிய போர் ஐரோப்பாவை முப்பது வருடம் எரித்தது. பதினொன்றரைக்குள் வெளியே வந்துவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் கூட்டத்தில் எதுவும் மனதில் ஒட்டாது.

மியூனிக் தோழி டிக்கெட் வேண்டாம் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். முற்றங்களில் நடப்பதும், மதில் மேலிருந்து சிவப்பு ஓட்டுக் கூரைகளைப் பார்ப்பதும் காசு கேட்காதவை. சொல்லப்போனால் பிராகில் மனதில் நிற்கிற பல இடங்கள் இலவசம்தான். பாலம், லெட்னா பூங்கா, விஷெஹ்ராட், தெருக்கள், எல்லாமே. எல்லோரும் கேட்கும் வானியல் கடிகாரமும் அப்படித்தான். மணிக்கு ஒருமுறை பொம்மைகள் வருவதைப் பார்க்கக் கூட்டம் கூடும், எலும்புக்கூடு மணி அடிக்கும், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இவ்வளவுதானா என்று கலைவார்கள். நீங்கள் பொம்மையைப் பார்க்காதீர்கள், முகப்பைப் பாருங்கள். 1410இல் செய்தது. பன்னிரண்டு ராசிகளும் ஒரு வளையத்தில் சுற்றுகின்றன. சூரியன் எந்த ராசியில், சந்திரன் வளர்பிறையா தேய்பிறையா என்று காட்டும். நம் பஞ்சாங்கத்தில் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணுவதுபோல, அதன் வெளிவளையம் பழைய போஹீமிய வழக்கப்படி சூரிய அஸ்தமனத்திலிருந்து 24 மணி எண்ணுகிறது. பாட்டி வீட்டில் பஞ்சாங்கம் புரட்டியவர்களுக்கு அது அந்நியமான கடிகாரமே இல்லை. நீங்கள் போகும் வாரம் நம் ஊரில் புரட்டாசி முடிகிற சமயம், நம் கணக்கில் சூரியன் கன்னியின் கடைசியில் இருக்கும்; அங்கே முள் துலாத்தின் கடைசிப் பாகைகளில் நிற்கும். ராசி தொடங்கும் இடத்தை நாமும் அவர்களும் வேறுவேறாக வைத்து எண்ணுவதால் ஏறக்குறைய 24 பாகை வித்தியாசம்.

ஞாயிற்றுக்கிழமை டப்ளின் தோழியின் நாள். பத்து மணிக்கு எழுந்து, வீட்டிலேயே சாப்பிட்டு, பதினொன்றரைக்கு யூதர் பகுதியான யோசெஃபோவ் போங்கள். அங்கே சிரித்துப் பேசிக்கொண்டு நுழைய முடியாது, அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது. பின்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில், நாஜிகள் கொன்ற செக் நாட்டின் போஹீமிய, மொராவியப் பகுதிகளைச் சேர்ந்த ஏறக்குறைய 80,000 யூதர்களின் பெயர்களைக் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். பெயர், பிறந்த தேதி, அடுத்த பெயர், அடுத்த தேதி என்று சுவர் முடிவதேயில்லை. மாடியில் டெரசின் முகாமில் அடைபட்டிருந்த குழந்தைகள் வரைந்த படங்கள். வீடு, பட்டாம்பூச்சி, மரம். நான் எத்தனை முறை போனாலும் அந்த மாடியிலிருந்து பேசிக்கொண்டு இறங்கியதில்லை. பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைத்ததால் கற்கள் சாய்ந்து நெருக்கியடித்து நிற்கின்றன. இந்த இரண்டையும் பார்த்தால் போதும், அன்றைக்கு வேறு அருங்காட்சியகம் வேண்டாம்.

வெளியே வந்து ஐந்து நிமிடம் ஆற்றுப் பக்கம் நடந்தால் யான் பாலாக் சதுக்கம். அங்கே இருப்பது சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலக் கட்டடம். பாலம் கட்டிய அதே மன்னர் 1348இல் நிறுவிய பல்கலைக்கழகம். தமிழ் படித்தவர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்க ஒரு காரணம் உண்டு. 1927இல் பிராகில் பிறந்த கமில் சுவலபில் இந்த ஊரில் இருந்துகொண்டுதான் தமிழ் ஆராய்ந்தார், கற்பித்தார். சங்கப் பாடல்களையும் சித்தர்களையும் முருகனையும் பற்றி உலகுக்கு எழுதியவர். 1968இல் சோவியத் டாங்கிகள் நுழைந்த பிறகு ஊரை விட்டு வெளியேறி, பிற்பாடு நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். ஐன்ட்ஹோவன் தோழிக்கு இது பிடிக்கும். அதே ஆக்கிரமிப்புக்கு எதிராகத்தான் இந்தப் புலத்தில் படித்த யான் பாலாக் என்ற இருபது வயது மாணவர் 1969 ஜனவரியில் வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் தீக்குளித்தார். சதுக்கத்தின் பெயர் அவருடையது.

அங்கிருந்து மனசு லேசாக வேண்டும் என்றால் லெட்னா போங்கள். செகூவ் பாலத்தைக் கடந்து படியேறினால், இசைக்குத் தாளம் காட்டும் மெட்ரனோம் கருவி ஒன்று பிரம்மாண்டமாக அசைந்துகொண்டிருக்கும். ஒருகாலத்தில் ஸ்டாலினின் பிரம்மாண்டமான சிலை நின்ற மேடை அது. 1955இல் வைத்து, 1962இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இப்போது பையன்கள் ஸ்கேட் போர்டு ஓட்டுகிறார்கள். ஆற்றின் பாலங்கள் வரிசையாகத் தெரியும். நால்வரும் உட்கார்ந்து பேச பிராகில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. திங்கள் காலை மெட்ரோவில் விஷெஹ்ராட். பழைய மதில், ஆறு, இசையமைப்பாளர்கள் ட்வோர்ஷாக்கும் ஸ்மெட்டனாவும் உறங்கும் கல்லறைத் தோட்டம். கூட்டம் இருக்காது. அப்படியே கிளம்ப வேண்டியதுதான்.

சாப்பாட்டுக்கு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் கேட்டு வாங்க வேண்டும். செக் சமையல் கறிச்சமையல். “பெஸ் மஸா” என்றால் கறி இல்லாமல். சில இடங்களில் பன்றிக் கொழுப்பும் பொடிப்பொடியான பேக்கனும் கறிக் கணக்கில் சேராது, அதனால் அதையும் தனியாகக் கேளுங்கள். பாலாடைக்கட்டியை மாவில் தோய்த்துப் பொரித்து உருளைக்கிழங்கோடு தருவது ஸ்மாஜெனீ சீர், எல்லாப் பப்பிலும் கிடைக்கும். பிரம்போராக் என்பது பூண்டும் மர்ஜோரம் என்ற மூலிகையும் போட்ட உருளைக்கிழங்கு அடை, நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். பூண்டு சூப்பை மட்டும் கறித்தண்ணீரில் செய்வார்கள், விசாரியுங்கள். பழம் வைத்த கொழுக்கட்டைகூட உண்டு, அதையே மதியச் சாப்பாடாகச் சாப்பிடுவார்கள். செக் நாட்டில் வியட்நாமியக் குடும்பங்கள் நிறைய. டோஃபு போட்டுத் தரும் அவர்களுடைய சின்னக் கடைகள் மலிவும்கூட. பப்பில் மற்றவர்கள் பியர் குடிக்கும்போது நீங்கள் கோஃபோலா வாங்குங்கள். செக்கோஸ்லோவாகியா காலத்தில் உருவான மூலிகை வாசனைக் குளிர்பானம், குழாயிலிருந்தே பிடித்துத் தருவார்கள். கோப்பை காலியானால் கேட்காமலே அடுத்த பியர் வருகிற பப்களும் உண்டு. போதும் என்றால் கோப்பைக்கு அடியில் வைத்திருக்கும் அட்டையை எடுத்து அதன் மேல் வைத்துவிடச் சொல்லுங்கள். தெருவெங்கும் சுழன்று வேகும் ட்ரடெல்னிக் பிராகின் பாரம்பரியம் என்று பலகை சொல்லும், அப்படியில்லை. சூடாக இருக்கிறது, இனிப்பாக இருக்கிறது, ஆசையிருந்தால் ஒன்றை நால்வரும் பிய்த்துச் சாப்பிடுங்கள்.

பணம் மாற்றுவதில் நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை போனபோது “கமிஷன் இல்லை” என்று பலகை வைத்த ஒரு கடையில் நூறு யூரோ நீட்டினேன். நியாயமாகக் கிடைக்க வேண்டியதில் முக்கால் பங்குகூடக் கைக்கு வரவில்லை. கமிஷன் இல்லைதான், விலையிலேயே எடுத்துவிட்டார்கள். அங்கே நாணயம் கொருனா, ஒரு யூரோவுக்கு 24, 25 கிடைக்கும். அதைவிட நிறையக் குறைந்தால் நகர்ந்துவிடுங்கள். 2019 முதல் ஒரு நல்ல சட்டம் இருக்கிறது: 1,000 யூரோ வரை மாற்றியதை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போய் ரத்து செய்து திரும்ப வாங்கலாம். தெருவில் வந்து நல்ல விலை தருகிறேன் என்பவர் வேறு நாட்டு நோட்டைத் திணித்துவிடுவார், நிற்கவே நிற்காதீர்கள். உண்மையில் உங்களுக்கு ரொக்கம் அதிகம் தேவைப்படாது, எங்கும் கார்டு எடுக்கும். இயந்திரம் யூரோவிலா கொருனாவிலா என்று கேட்டால் எப்போதும் கொருனா. பணம் எடுப்பதானால் வங்கியின் சுவரில் இருக்கும் ஏடிஎம்மில் எடுங்கள்.

கடைசியாகப் புடவை. தாராளமாக நடக்கும். சனிக்கிழமை விடியலுக்கு உங்களைப் பாலத்துக்கு அனுப்புவதே பாதி அதற்காகத்தான். பழைய நகரக் கோபுரத்துப் பக்கம் போய், கிழக்கே முகம் பார்த்து நில்லுங்கள். முதல் வெயில் முகத்தில் விழும், கோட்டை பின்னால் வரும். படம் எடுக்கிறவர் சூரியனுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். குளிர் ஐந்தாறு டிகிரிக்கு இறங்கியிருக்கும், அதனால் உள்ளே தெர்மல், முழுக்கை ரவிக்கை, ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் போட ஒரு நிமிடம். காலில் தட்டையான ஷூ, தெரியாது. அந்தக் கருங்கல் தரையில் ஹீல்ஸ் சிக்கினால் கணுக்கால் பிசகிவிடும். பட்டு வேண்டாம், பனி ஈரம் பட்டால் மனசு கஷ்டப்படும். பருத்தியோ கோவைக் காட்டனோ எடுத்துப் போங்கள். மியூனிக் தோழியிடம் புடவை இல்லையென்றால் உங்களுடையதில் ஒன்றைக் கூடுதலாகப் பெட்டியில் வையுங்கள். முந்தானைக்கு இரண்டு பின் அதிகமாகக் குத்திக்கொள்ளுங்கள், ஆற்றுக்காற்று பலமாக வீசும்.